ஹாஸ்கெல்லில் தம்புரா: நடுநடுவே ‘டக்’ சத்தம். மொழியை மாற்ற வேண்டுமா?

சாரணை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நாலு மாதமாக ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில் (நிரலைச் சார்புகளாகவே எழுதும் மொழி) ஒரு தம்புரா எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா தினமும் காலையில் சாதகம் செய்வார். அவரிடம் இருக்கும் சுருதிப்பெட்டி, பதிவு செய்த ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வகை. பத்து நிமிடம் கேட்டால் அந்தத் துண்டு எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று காது கண்டுபிடித்துவிடுகிறது. அப்புறம் அதை மறக்கவே முடிவதில்லை. ஒவ்வொரு மீட்டலும் முந்தையதிலிருந்து சற்றே வேறாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதைத் தொடங்கினேன்.

முறை கார்ப்ளஸ்–ஸ்ட்ராங். 1983இல் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் வெளியிட்டது. கம்பியின் ஒரு அதிர்வுக்கு எத்தனை சாம்பிள் (ஒலி அலையின் ஒரு கண அளவைக் குறிக்கும் எண்) ஆகுமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு வரிசை எடுத்து, வெறும் இரைச்சலால் நிரப்ப வேண்டும். அதைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களின் சராசரியைத் திரும்ப எழுத வேண்டும். இரைச்சலின் கூர்மை கரைந்து, மீட்டிய கம்பியின் நாதம் வந்துவிடும். ஹாஸ்கெல்லில் இது ஒரே வரி: கம்பி என்பது முதலில் இரைச்சல், அதன் பின்னால் அந்தக் கம்பியின் சராசரியே. தன்னையே குறிக்கும் முடிவில்லாப் பட்டியல். முதல் தடவை எழுதியபோது சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

கோப்பில் எழுதிப் பிறகு கேட்டால் அருமையாக இருக்கிறது. நேரலையாக வாசிக்க விட்டால்தான் சிக்கல். வினாடிக்கு 48,000 சாம்பிள் வேகம், ஒலி அட்டைக்கு ஒரு தடவைக்கு 256 சாம்பிள் கொண்ட கட்டு (பஃபர்). ஒரு கம்பிக்குப் பிரச்சினை இல்லை. நான்கு கம்பியும் சேர்ந்ததும் சில வினாடிக்கு ஒருமுறை ‘டக்’. சிபியு சராசரியாக 30 சதவீதம்தான் காட்டுகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒலியளவு மெல்ல ஏறி இறங்க ஒரு சைன் அலை வைத்திருக்கிறேன். அது சரியாக 5 நிமிடம் 50 வினாடியில் நின்றுவிடுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் மட்டும் காணாமல் போகிறது.

நிகழ்நேர ஒலிக்கு ஃபங்ஷனல் மொழிகள் உதவாதா? சி++ கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா?

கம்பிவலை

சராசரியைப் பார்க்காதீர்கள். ஒலியில் அதற்கு மதிப்பே இல்லை. 256 சாம்பிள் என்றால் 5.33 மில்லி வினாடி. அந்த நேரத்துக்குள் அடுத்த பஃபர் தயாராக வேண்டும், வினாடிக்கு 187 தடவை, ஒரு தடவைகூடத் தவறாமல். 186 தடவை ஒரு மில்லி வினாடியில் முடித்துவிட்டு ஒரு தடவை 7 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால் சராசரி அழகாக இருக்கும், காதில் ‘டக்’ விழும்.

அந்த ஒரு தடவை எங்கிருந்து வருகிறது? உங்கள் பட்டியலிலிருந்துதான். 64 பிட் ஹாஸ்கெல்லில் பட்டியலின் ஒரு கண்ணிக்கு 24 பைட், அதற்குள் இருக்கும் டபுளுக்கு (64 பிட் தசம எண்) 16 பைட், ஆக ஒரு சாம்பிளுக்கு 40 பைட். நான்கு கம்பி, ஒவ்வொன்றிலும் ஆறு படிநிலை என்று வைத்துக்கொண்டால் 24 பட்டியல்கள். கம்பைலர் அவற்றை ஒன்றாக உருக்கிச் சேர்க்காவிட்டால் வினாடிக்கு 46 மெகாபைட் குப்பை, அதாவது பயன்படுத்தி முடித்த நினைவகம். அதை அள்ள கார்பேஜ் கலெக்டர் வந்தாக வேண்டும். வரும்போது மற்ற வேலையை நிறுத்திவிட்டுத்தான் அள்ளும்.

உடனடி வைத்தியம்: அடுத்த பஃபரைக் கேட்டு ஒலி அட்டை அழைக்கும் சார்பை (கால்பேக்) ஹாஸ்கெல்லில் வைக்காதீர்கள். சின்னதாக ஒரு சி கோடு, அதற்கும் ஹாஸ்கெல்லுக்கும் இடையில் ஒரு வளையப் பஃபர். ஹாஸ்கெல் முன்கூட்டியே நிரப்பி வைக்கட்டும். பட்டியலுக்குப் பதில் அன்பாக்ஸ்டு வெக்டர், அதாவது எண்களை நேரடியாக அடுத்தடுத்து வைக்கும் வரிசை. ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சியில் 8.10 பதிப்பிலிருந்து, அதாவது 2020இலிருந்து, தரவை நகர்த்தாமல் அள்ளும் கலெக்டர் ஒன்றும் இருக்கிறது. அதையும் போட்டுப் பாருங்கள், நிறுத்தம் குறையும். முழுக்கப் போகாது.

ஆறாம்கட்டை

தம்புராவுக்கு 5 மில்லி வினாடி எதற்கு? பஃபரை 8192 ஆக்கினால் முடிந்தது. சுருதி ஓட ஆரம்பிக்கக் கால் வினாடி தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லையே.

சாரணை

சரிதான், தம்புரா மட்டும் என்றால் அது போதும். ஆனால் இதே கம்பியை மிடி விசைப்பலகையில் வைத்து வாசிக்கவும் ஆசை. விரல் வைத்ததும் ஒலி வர வேண்டும். 2048இல் முயன்றேன். ஏறத்தாழ 43 மில்லி வினாடி. வாசிக்கவே முடியவில்லை, கை ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் போகிறது.

அலைவரிசை

மொழியை மாற்றச் சொல்லித்தான் வந்திருக்கிறேன், ஆனால் சி++க்கு அல்ல. ஃபவுஸ்ட் பார்த்திருக்கிறீர்களா?

பிரான்சின் லியோன் நகரில் கிராம் என்று ஓர் இசை ஆய்வு மையம். அங்கே யான் ஓர்லாரே, டொமினிக் ஃபோபர், ஸ்டெஃபான் லெட்ஸ் ஆகியோர் 2002இலிருந்து உருவாக்கிவரும் மொழி. ‘ஃபங்ஷனல் ஆடியோ ஸ்ட்ரீம்’ என்பதன் சுருக்கம்தான் பெயர். இதில் எல்லாமே சார்பு. சிக்னல் என்பது காலத்தை வாங்கி எண்ணைத் தரும் சார்பு. நிரல் என்பது சிக்னல்களை வாங்கி சிக்னல்களைத் தரும் சார்பு. நிரல்களைச் சேர்க்க ஐந்தே ஐந்து குறிகள்:

`:` ஒன்றன்பின் ஒன்று
`,` பக்கத்தில் பக்கம்
`<:` ஒன்றைப் பலவாகப் பிரிப்பது
`:>` பலவற்றைக் கூட்டி ஒன்றாக்குவது
`~` வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே விடுவது

`_` என்றால் எதுவும் செய்யாத வெறும் ஒயர். இப்போது இதைப் பாருங்கள்:

`1 : + ~ _`

ஒன்றை அனுப்பு, கூட்டு, வந்த விடையை ஒரு சாம்பிள் கழித்து அதே கூட்டலுக்குள் திரும்ப விடு. 1, 2, 3, 4 என்று எண்ணும் கருவி தயார். எண்ணுவதற்கு மாறி என்று ஒன்று இல்லை, அதை மாற்றும் கட்டளையும் இல்லை. நினைவு என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. அது `~` குறிக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் கம்பி முழுவதும் இவ்வளவுதான்:

`+ ~ (@(365) <: _,_' :> /(2))`

உள்ளே வரும் இரைச்சலைச் சுற்றுக்குள் கூட்டுகிறோம். சுற்றில் 365 சாம்பிள் தாமதம். பிறகு அது இரண்டாகப் பிரிகிறது: ஒன்று அப்படியே, மற்றொன்று மேலே கோடு போட்டது, அதாவது ஒரு சாம்பிள் பழையது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி. எழுத்தே இல்லாமல் வெறும் குறிகளாலேயே ஒரு வாத்தியம்! உங்கள் ஹாஸ்கெல் வரி சொன்னதும் இதுவும் ஒன்றுதான். ஆனால் இது சி++ ஆகவோ எல்எல்விஎம் (கம்பைலர்களின் இடைநிலைக் கோடு) ஆகவோ உலாவியில் ஓடும் வெப் அசெம்பிளியாகவோ கம்பைல் ஆகும். வெளியே வரும் கோடில் ஒரு நிலையான வரிசை, ஒரு சுற்று, அவ்வளவுதான். ஓடும்போது ஒரு பைட் நினைவகம்கூடப் புதிதாகக் கேட்காது. அள்ளக் குப்பையே இல்லை.

உலாவியிலேயே எழுதிக் கேட்கலாம், எதையும் நிறுவ வேண்டாம். இன்று இரவே முயலுங்கள்.

சாரணை

உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். ஒரு கேள்வி: என் கணக்கில் ஒரு கட்டை ஸட்ஜம் 130.81 ஹெர்ட்ஸ். 48,000ஐ அதால் வகுத்தால் 366.94. நீங்கள் ஏன் 365 போட்டீர்கள்?

அலைவரிசை

நல்ல கேள்வி. ஃபவுஸ்ட் கற்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். `~` தானாகவே ஒரு சாம்பிள் தாமதம் சேர்க்கும். சேர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த நொடியின் விடைக்கு இந்த நொடியின் விடையே தேவைப்படும். ஆக 365 + 1 = 366. இரண்டு சாம்பிள்களின் சராசரி இன்னும் அரைச் சாம்பிள் தள்ளும். மொத்தம் 366.5. வருவது 130.97 ஹெர்ட்ஸ். ஏறத்தாழ 2 சென்ட் கூடுதல் (ஒரு சென்ட் என்பது ஒரு ஸ்தாயியின் 1,200இல் ஒரு பங்கு). கீழ் ஸ்வரங்களில் இது சின்ன விஷயம். 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் அதே ஒரு சாம்பிள் தவறு 36 சென்ட் ஆகிவிடும், அது அபசுரமாகவே கேட்கும்.

சுட்டிமுனை

நான் இசை மென்பொருள்களில் செருகும் பிளக்-இன் எழுதிப் பிழைப்பவன், சி++தான். மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து.

கடைசியில் ஓடுவது சி++ கோடு என்றால், ஃபங்ஷனல் மொழியில் நிகழ்நேர ஒலி செய்கிறோம் என்று எப்படிச் சொல்வது? ஹாஸ்கெல்லை நேரலையில் ஓட்ட முடியவில்லை. வழியாக வருவது சி++ கோடு எழுதித் தரும் ஒரு கருவி. அதை நேரடியாகவே எழுதிவிடலாமே. ஒரு வரிசை, ஒரு எண், ஒரு சுற்று. இருபது வரிகூட வராது. என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வரியிலும் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எந்த மொழியாக இருந்தாலும் இது உதவும். மீட்டலை நிறுத்திவிட்டு, தணிந்துகொண்டே போகும் ஒரு சுற்றை ஓடவிட்டால் எண்கள் சிறிதாகிச் சிறிதாகி டினார்மல் என்ற நிலைக்குப் போகும். 32 பிட் தசம எண்ணான ஃப்ளோட்டில் 10-இன் மைனஸ் 38-ஆம் அடுக்குக்கும் கீழே. அந்த எண்களைக் கையாள சில பிராசசர்கள் பல மடங்கு நேரம் எடுக்கும். காதில் ஒன்றும் கேட்காது, சிபியு மட்டும் ஏறும். அவற்றைப் பூஜ்ஜியமாக்கச் சொல்லும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். ஃபவுஸ்ட் கம்பைலரிலும் அதற்கு ஒரு தேர்வு உண்டு.

அலைவரிசை

டினார்மல் குறிப்புக்கு நன்றி. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை.

இருபது வரி என்பது ஒரு கம்பிக்கு. நான்கு கம்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர், பிறகு அறையின் எதிரொலிப்பு என்று போனால், எந்த வரிசையில் எதை முதலில் புதுப்பிப்பது என்பதை நீங்களே தலையில் வைத்திருக்க வேண்டும். பழைய மதிப்பைப் படிக்க வேண்டிய இடத்தில் புதியதைப் படித்தால் சுருதி ஒரு சாம்பிள் நகரும். கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். நான் அப்படிப் பல நாள் இழந்திருக்கிறேன்.

அப்புறம், கம்பைலர் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. பக்க விளைவுகள் இல்லாததால் நிரலின் கணிதப் பொருளை அது முழுதாக அறியும். இரண்டு இடத்தில் ஒரே கணக்கு இருந்தால் ஒரு தடவைதான் செய்யும். ஸ்லைடரை மட்டும் சார்ந்த கணக்கை ஒவ்வொரு சாம்பிளுக்கும் செய்யாமல் பஃபருக்கு ஒரு தடவை செய்யும். சாம்பிள் வேகத்தை மட்டும் சார்ந்ததைத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை. எது எந்த வேகத்தில் மாறுகிறது என்று நாம் சொல்லவே வேண்டியதில்லை. (இதன் விளைவாக ஸ்லைடரை இழுத்தால் படிப்படியாக ‘கரகர’ என்று கேட்கலாம். அதற்கு மென்மையாக்கும் சார்பு ஒன்று நூலகத்தில் தயாராக இருக்கிறது.)

ஹாஸ்கெல்லும் கடைசியில் மெஷின் கோடாகத்தான் ஓடுகிறது. அதனால் அது ஃபங்ஷனல் இல்லை என்று ஆகிவிடுமா?

இங்கே சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு மொழி லஸ்டர். 1980களில் அதே பிரான்சின் கிரெனோபிளில் பிறந்தது. அதுவும் சிக்னல்களின் மேல் சார்புகள் எழுதும் மொழிதான். ஸ்கேட் என்ற கருவி வழியாக ஏர்பஸ் விமானங்களின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு அது போய்ச் சேர்ந்தது. எவ்வளவு நினைவகம் வேண்டும், ஒரு சுற்றுக்கு எவ்வளவு வேலை என்பது கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். விமானத்துக்கும் தம்புராவுக்கும் இந்த விஷயத்தில் தேவை ஒன்றுதான்: குறித்த நேரத்துக்குள் விடை வந்தாக வேண்டும்.

நேரலைக்காரி

ஃபவுஸ்ட் மட்டும்தான் வழி என்பது போல இழை போகிறது. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன், மேடையில் நிரல் எழுதி வாசிப்பவள்.

என் கருவி டைடல். இசைக் கோலங்களை நிரலாக எழுத, ஹாஸ்கெல்லில் அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கியது. ஆனால் டைடல் ஒரு சாம்பிளைக்கூடத் தானாக உருவாக்காது. எப்போது எதை வாசிக்க வேண்டும் என்ற செய்தியைச் சற்று முன்னதாகவே, நேர முத்திரையோடு, ஒலியை உருவாக்கும் சூப்பர்கொலைடர் என்ற மென்பொருளுக்கு அனுப்பிவிடும். ஹாஸ்கெல் பக்கம் குப்பை அள்ள 10 மில்லி வினாடி நின்றாலும் செய்தி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். தாளம் பிசகாது. சூப்பர்கொலைடர் ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்டது. 2002இல் திறமூலம் ஆனது. மூன்றாம் பதிப்பில் மொழியையும் ஒலி செய்யும் சர்வரையும் தனித்தனி நிரல்களாகப் பிரித்தார். அந்தப் பிரிப்பு நடந்ததால்தான் குளோஜர் மொழியில் ஓவர்டோன், ஹாஸ்கெல்லில் டைடல் எல்லாம் சாத்தியமாயின. சர்வருக்கு யார் பேசுகிறார்கள் என்று கவலையில்லை.

சாரணை, நீங்கள் ஹாஸ்கெல்லிலேயே இருந்துகொண்டு இந்த வழியில் போகலாம். நாலு மாத உழைப்பு வீணாகாது.

கம்பிவலை

நல்ல யோசனை, ஆனால் அவருடைய குறிப்பிட்ட தேவைக்கு ஒரு தடை இருக்கிறது. சூப்பர்கொலைடர் சர்வர் சாம்பிள் சாம்பிளாக ஓடாது, இயல்பாக 64 சாம்பிள் கட்டுகளாக ஓடும். அதன் யூனிட்களை (ஒலி செய்யும் சிறு கூறுகள்) இணைத்துப் பின்னூட்டச் சுற்று கட்டினால், ஒரு தடவை சுற்றி வரக் குறைந்தது 64 சாம்பிள் ஆகும். 48,000 / 64 = 750 ஹெர்ட்ஸ். அதற்கு மேலான சுருதியில் கம்பியை அப்படிக் கட்டவே முடியாது. அதனால்தான் மீட்டிய கம்பிக்கென்றே சி++இல் எழுதிய தனி யூனிட் ஒன்றை அதில் தந்திருக்கிறார்கள். அதை எடுத்து வாசிக்கலாம். அதன் உள்ளே கை வைக்க நினைத்தால் சி++க்குத்தான் போக வேண்டும். சாரணைக்குக் கம்பியின் உள்ளேதான் வேலை.

ஒரு சாம்பிள் பின்னூட்டத்தை மொழியின் அடிப்படைக் குறியாகவே வைத்ததுதான் ஃபவுஸ்டின் பெரிய முடிவு என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நேரலைக்காரி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபவுஸ்டில் எனக்கு இருக்கும் குறையையும் எழுதிவிடுகிறேன். நிரலின் இணைப்புப் படம் நிலையானது. கம்பைல் ஆன பிறகு ஒரு ஒயரை மாற்ற முடியாது. ஒரு சுரம் வந்தால் புதிய குரல் ஒன்றை உருவாக்கி, முடிந்ததும் நீக்குவது என்பது மொழிக்குள் இல்லை. வெளியே இருக்கும் சட்டகம்தான் எட்டோ பதினாறோ பிரதிகளை வைத்துச் சமாளிக்கிறது. எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போலக் கட்டாக வாங்கிக் கட்டாகத் தரும் வேலைகளும் அதில் இயல்பாக வராது.

வாசித்துக்கொண்டே மாற்ற வேண்டும் என்றால் எக்ஸ்டெம்போர் இருக்கிறது. ஆண்ட்ரூ சோரென்சன், ஆஸ்திரேலியா. 2005இல் ஸ்கீம் என்ற மொழியை வைத்து இம்ப்ராம்ப்டு செய்தார், பிறகு 2011இல் எக்ஸ்டெம்போர். அதில் இரண்டு மொழி ஒன்றாக வாழ்கின்றன. ஸ்கீம், அதற்குக் கலெக்டர் உண்டு. எக்ஸ்டிலாங், அது எல்எல்விஎம் வழியாக அந்த இடத்திலேயே மெஷின் கோடாகும். கலெக்டர் கிடையாது, நினைவகம் பகுதி பகுதியாக எடுத்து மொத்தமாக விடப்படும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டரின் சார்பை மாற்றி எழுதி அனுப்பினால், நிற்காமல் புது ஒலி வரும். முதல் தடவை செய்தபோது எனக்குக் கை நடுங்கியது. இன்றும் அந்த உணர்வு போகவில்லை.

எண்கணக்கு

யாரும் அந்த 5 நிமிடம் 50 வினாடியைத் தொடவில்லையே.

சாரணை, அந்தச் சைன் அலைக்கு நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? ஃப்ளோட்டில் ஒரு எண்ணியை வைத்து ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒன்று கூட்டுகிறீர்களா?

சாரணை

ஆமாம். அந்த இடத்தில் மட்டும் டபுள் இல்லை, ஃப்ளோட்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

எண்கணக்கு

32 பிட் ஃப்ளோட்டில் எண்ணின் துல்லியத்துக்கு 24 பிட்தான். 2-இன் 24-ஆம் அடுக்கு 1,67,77,216. அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண்ணை எழுத இடமில்லாமல் அதே எண்ணே திரும்ப வரும். எண்ணி அங்கேயே உறைந்துவிடும். 1,67,77,216ஐ 48,000ஆல் வகுங்கள்: 349.5 வினாடி. அதாவது 5 நிமிடம் 49.5 வினாடி.

உறையும் முன்பே கெட ஆரம்பித்திருக்கும். 440 ஹெர்ட்ஸ் சைனை இதே மாதிரி ‘அதிர்வெண் பெருக்கல் நேரம்’ என்று எழுதினால், 100 வினாடியில் 44,000 சுற்று ஆகியிருக்கும். அந்த அளவில் ஃப்ளோட்டின் இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 1/256 சுற்று இடைவெளி. வழவழப்பான அலை 256 படிக்கட்டாகிவிடும். மெல்லிய இரைச்சல் கேட்கும். உங்கள் அலை மிக மெதுவானது, அதனால் காதுக்குத் தெரியவில்லை.

தீர்வு எளிது. நேரத்தை எண்ணாதீர்கள், சுற்றின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை மட்டும் வையுங்கள். 0இலிருந்து ஏறி 1ஐத் தொட்டதும் முழு எண்ணைக் கழித்துவிட வேண்டும். எண் என்றுமே பெரிதாகாது. ஃபவுஸ்ட் நூலகத்தின் ஆஸிலேட்டர் (அலையை உருவாக்கும் சார்பு) இப்படித்தான் செய்கிறது.

சிக்னல் காலத்தின் சார்பு என்று மேலே சொன்னார்கள். எழுதும்போது அது அழகு. ஆனால் காலத்தை ஒரு எண்ணாகக் கையில் எடுத்தால் அந்த எண்ணுக்கு எத்தனை பிட் என்று கேட்டே ஆக வேண்டும்.

சாரணை

மாற்றிவிட்டேன், சரியாகிவிட்டது. மிக்க நன்றி. மூன்று வாரம் இதில் போயிருந்தது.

ஃபவுஸ்டும் முயன்றேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் உலாவியில் ஒரு கம்பி. இருபது நிமிடத்தில் ஒலி வந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். கேட்டதும், “சுருதி இறங்கி இருக்கே” என்றார். அந்தக் கணினியில் ஒலி அட்டை 44,100இல் ஓடிக்கொண்டிருந்தது. 365 என்று எண்ணை நேரடியாக எழுதியிருந்ததால் ஸட்ஜம் 120 ஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டது. இப்போது சாம்பிள் வேகத்தை வாங்கிக் கணக்கிடுகிறேன்.

பிறகு நான்கு கம்பி: பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம். பஞ்சமத்தை ஸட்ஜத்தின் 3/4 என்று வைத்தேன், மந்தரத்தைப் பாதி. 48,000க்கு மாற்றி ஓடவிட்டேன். ‘டக்’ ஒன்றுகூட இல்லை! பஃபரை 64க்கு இறக்கினேன், அப்போதும் இல்லை. ஆனால் புதிதாக இரண்டு சிக்கல். ஒன்று, ஒலி கூடிக்கொண்டே போய் ஐந்தாறு நிமிடத்தில் கிழிகிறது. ஹாஸ்கெல்லில் இப்படி இல்லை. இரண்டு, சாரணையும் மந்தரமும் சேரும்போது ஏறத்தாழ 11 வினாடிக்கு ஒருமுறை ஒரு வீக்கம் வந்து போகிறது.

எண்கணக்கு

இரண்டாவது எளிது. மந்தரத்துக்கு 733.89 சாம்பிள் வேண்டும், முழு எண்ணாக்கியதில் 733.5 கிடைக்கிறது: 65.44 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாம் ஸ்வரக்கூறு (அடிப்படையின் இரு மடங்கு அதிர்வெண்) 130.88. சாரணை 130.97. வித்தியாசம் 0.09. பதினோரு வினாடிக்கு ஒரு விம்மல். உங்கள் காது சரியாகவே சொல்கிறது.

தீர்வு பின்னத் தாமதம். 1983இலேயே டேவிட் ஜாஃபேயும் ஜூலியஸ் ஸ்மித்தும் கார்ப்ளஸ்–ஸ்ட்ராங்கோடு சேர்த்து வெளியிட்டார்கள்: சுற்றுக்குள் ஒரு ஆல்பாஸ் ஃபில்டர் (எந்த அதிர்வெண்ணையும் குறைக்காமல் தாமதம் மட்டும் சேர்ப்பது) வைத்து மீதிப் பின்னத்தை அதற்குக் கொடுப்பது. ஃபவுஸ்ட் நூலகத்தில் தயாராக இருக்கிறது. நேர்கோட்டு இடைக்கணிப்பு வேண்டாம், அது மேல் ஸ்வரக்கூறுகளை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தின்றுவிடும். கம்பி மந்தமாகிவிடும்.

சுட்டிமுனை

முதலாவதுக்கு நான் சொல்கிறேன். ஹாஸ்கெல்லில் ஒவ்வொரு மீட்டலுக்கும் புதிய கம்பி ஒன்றைத் தொடங்கினீர்கள், சரியா? இங்கே ஒரே கம்பிதான், புது இரைச்சல் பழையதோடு கூடுகிறது. சராசரி எடுப்பது மேல் ஸ்வரக்கூறுகளை வேகமாகத் தணிக்கும். ஆனால் 131 ஹெர்ட்ஸ் அடிப்படையை ஒரு சுற்றுக்கு ஒரு லட்சத்தில் நான்கு பங்கு மட்டுமே தணிக்கும். அது அடங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதிராத பகுதி, அதாவது இரைச்சலின் சராசரி பூஜ்ஜியத்திலிருந்து விலகிய அளவு, எப்போதுமே தணியாது. நீங்கள் நாலு வினாடிக்கு ஒருமுறை மேலே கொட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

`/(2)` என்பதை `*(0.499)` ஆக்குங்கள். ஒரு சுற்றுக்கு 0.998. அடிப்படை ஸ்வரம் 60 டெசிபல் இறங்க 26 வினாடி ஆகும்.

அப்புறம் ஒன்று. இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கம்பியை மாற்றி மாற்றி இணைத்துப் பார்க்கும் கட்டத்துக்கு இது என் கையால் எழுதும் கோடைவிட வேகம். அதை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. வெளியீட்டுக்குப் போகும் பிளக்-இன்னை இன்னும் நானேதான் எழுதுவேன்.

சாரணை

இரண்டும் தீர்ந்தது. நேற்று காலை ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது, பஃபர் 64, ஒரு ‘டக்’ இல்லை. மீட்டும் இடைவெளியையும் இரைச்சலின் வலிமையையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றும் பகுதியை ஹாஸ்கெல்லிலேயே வைத்துக்கொண்டேன். நேரலைக்காரி அக்கா சொன்ன மாதிரி சற்று முன்னதாகவே செய்தி அனுப்புகிறது. அந்தக் கோடு அப்படியே பயன்பட்டது.

அம்மா முக்கால் மணி நேரம் பாடினார். முடிந்ததும், “நல்லா இருக்கு, ஆனா ஜீவா வரலை” என்றார். உண்மைதான். வீணையை நறுக்கென்று மீட்டிய மாதிரி இருக்கிறது. தம்புராவின் அந்த ரீங்காரம் இல்லை.

ஆறாம்கட்டை

அது கம்பியில் இல்லை, குதிரையில் இருக்கிறது. தம்புராவின் குதிரை மேல்பக்கம் மெல்ல வளைந்திருக்கும். கம்பிக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலை வைத்து, ஒலி மலரும் இடம் வரும்வரை நகர்த்துவார்கள். கம்பி கீழே வரும்போதெல்லாம் அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகும். சர் சி. வி. ராமன் 1921இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு கம்பியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட ஸ்வரக்கூறுகள் கேட்கக் கூடாது என்பது ஐரோப்பிய நூல்களின் விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த ஸ்வரக்கூறுகள் பலமாகவே கேட்கின்றன என்று அவர் காட்டினார்.

நான் நிரல் எழுதுபவன் இல்லை, பாட்டுக்காரன். இதை எப்படிச் சுற்றுக்குள் கொண்டுவருவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அலைவரிசை

ஐயா, இதைவிட நல்ல விவரம் இந்த இழையில் வரவில்லை. நன்றி.

கம்பி வளைவைத் தொடும்போது அதன் அதிரும் நீளம் சற்றுக் குறைகிறது. சுற்றின் தாமதம்தான் நமக்கு நீளம். ஆகவே சுற்றில் ஓடும் சிக்னலையே இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தாமதத்துக்குள்ளும் மற்றொன்றைத் தாமதத்தின் அளவுக்கும் கொடுக்கலாம். மதிப்பு எதிர்மறையாக இருக்கும்போது மட்டும் நீளத்தைக் குறைக்க வேண்டும், குதிரை ஒரு பக்கம்தானே இருக்கிறது. இது முழு இயற்பியல் ஆகாது, ஆனால் மேல் ஸ்வரக்கூறுகள் தணிந்த பிறகும் மறுபடி பிறக்கும். தாமதத்தின் உச்ச அளவை ஃபவுஸ்டிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், அந்த அளவுக்குத்தான் அது இடம் ஒதுக்கும்.

இந்த இடத்தில் ஆல்பாஸ் வேண்டாம். தாமதம் சாம்பிளுக்குச் சாம்பிள் மாறினால் அதன் பழைய நிலை புது நீளத்தோடு ஒட்டாமல் சத்தம் வரும். லக்ராஞ்சு வகை இடைக்கணிப்புக்கு மாறுங்கள், நான்காம் படி போதும்.

சாரணை

எவ்வளவு குறைப்பது? ஒரு சாம்பிளா, பத்தா?

அலைவரிசை

கால் சாம்பிளில் தொடங்கி ஒரு ஸ்லைடர் வையுங்கள். உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். நூலை நகர்த்துவது போல அவர் நகர்த்தட்டும். அவர் நிறுத்தும் எண்ணை இங்கே எழுதுங்கள்.